என் தம்பியோடு மோதாத சாம்பியன்

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இந்த எட்டு வருஷத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஏனம்மிணி, உங்க ஊட்டுக்காரரு நெஜமாவே உந்தம்பிக்குப் பயந்துதான் சண்டைக்கு வரலையா?"

அடுத்த கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பார்வையிலேயே தெரிந்துவிடும். அந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கத்தான் உன்னைக் கட்டினாரா?

என் வீட்டுக்காரர் சேந்தமங்கலத்துக்காரர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பாக்சிங்கில் அறுபது கிலோ பிரிவில் இரண்டு முறை மாநில சாம்பியன். என் தம்பியும் அதே அறுபது கிலோதான். ஆனால் அவன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் எட்டு மாதம் வடநாட்டில் எங்காவது தண்ணீர் தேடிக்கொண்டிருப்பான். அதனால் அவனுக்குப் பதக்கம் குறைவு, பேர் அதிகம். மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னது இதுதான்: "இவன் ஊர்ல இல்லாததால அவன் சாம்பியன்."

முதல் முறை இருவரும் ராசிபுரத்தில் ஒரு போட்டியின் அரையிறுதியில் மோதுவதாக இருந்தது. அன்று காலையில் சாம்பியனுக்கு வயிறு சரியில்லை என்று தகவல் வந்தது. தம்பி மோதாமலே இறுதிச் சுற்றுக்குப் போனான். மறுநாள் இறுதியில் மேச்சேரிப் பையன் ஒருவனிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தான். வீட்டுக்கு வந்து, "நான் அவனோட மோதத் தயாராயிருந்தேன். இவனைக் கொண்டாந்து நிறுத்துனா எப்படி?" என்றான். எனக்கு அதிலிருந்த நியாயம் இன்றுவரை புரியவில்லை.

அடுத்த வருஷம் சாம்பியன் ஒரு பிரிவு மேலே போய்விட்டார். உடம்பு கொஞ்சம் பூசிவிட்டதாம். தம்பி விடுவானா? நான் அப்போதே நாமக்கல்லில் கோழித்தீவனத்தைப் பரிசோதிக்கும் லேப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "எதைத் தின்னா சீக்கிரம் எடை ஏறும்?" என்று என்னைக் கேட்டான். நான் கோழிக்குத்தான் சொல்ல முடியும் என்றேன். "அதையே சொல்லு" என்றான். தினம் பத்து முட்டை, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு வாசம் அடிக்கிற ஏதோ ஒரு மாவு என்று தின்று நாலு மாதத்தில் நாலரைக் கிலோ ஏற்றினான். அவன் மேலே ஏறி முடித்த வாரம், சாம்பியன் மறுபடியும் அறுபது கிலோவுக்கே இறங்கிவிட்டார் என்று சேதி வந்தது. தம்பி அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு முட்டையே சாப்பிடவில்லை.

மூன்றாவது முறை ஊரே சும்மா விடவில்லை. திருச்செங்கோட்டில் சில பேர் சேர்ந்து இருவருக்கும் நேரடிச் சண்டை ஏற்பாடு செய்து பேனரும் வைத்தார்கள். அதில் சாம்பியனின் முகம் கையுறைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது, பேர்கூட இல்லாமல் 'சாம்பியன்' என்றுதான் போட்டிருந்தது. தம்பியின் படத்தை அவனுடைய லைசென்சிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியதில், சண்டைக்குப் போகிறவன் மாதிரி இல்லை, காணாமல் போனவன் மாதிரி இருந்தான். சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாம்பியனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது, இருபது நாள் தள்ளிவையுங்கள் என்றார்கள்.

அந்த இருபது நாளுக்குள்தான் எனக்கு அந்த வரன் வந்தது.

தரகர் சொன்னது இவ்வளவுதான்: பையனுக்குச் சொந்தப் பட்டறை, ஒரே மகன், கெட்ட பழக்கம் இல்லை, உடம்பை நன்றாக வைத்திருக்கிறார். என் அம்மாவுக்குச் சண்டை போடுகிறவர்களைப் பிடிக்காது. பெற்ற மகனையே அந்த ஒரு விஷயத்தில் மன்னிக்கவில்லை. அதனால் பாக்சிங் என்ற சொல்லைத் தரகர் விழுங்கிவிட்டார். நானும் தம்பியின் சண்டை எதற்கும் போனதில்லை; வீட்டில் எப்போதும் 'சாம்பியன்' என்றே பேச்சு, அவர் பேர் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. போட்டோவில் வெள்ளைச் சட்டையும் மீசையுமாக இருந்தார். மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் கவனித்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று தம்பி ஆத்தூர் பக்கம் ரிக்கில் இருந்தான். வரமுடியாது என்றவன், அக்காவின் விசேஷமாயிற்றே என்று பாதி வேலையில் கிளம்பி, உடம்பெல்லாம் போர்ச் சேறோடு வாசலில் வந்து இறங்கினான். உள்ளே சோபாவில் இவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். இவர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

"அம்மா, இந்தாளு இங்க என்ன பண்றாரு?"

"டேய், மாப்பிள்ளைடா. மரியாதையாப் பேசு. மொதல்ல கைகாலைக் கழுவு."

"என்கூட மோதப் பயந்துக்கிட்டு அக்காளைக் கட்ட வந்திருக்காரும்மா!"

அதற்குப் பிறகு கால் மணி நேரம் யார் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை. தரகர் மட்டும் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, பையனும் பெண்ணும் பத்து நிமிஷம் பேசட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றார். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றோம். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எந்தம்பி கூட ஏனுங்க மோதலை?"

அவர் கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்தார். "வயிறு சரியில்லீங்க" என்றார்.

"மூணு தடவையுமா?"

"மொதத் தடவைங்க. மத்ததுக்கு வேற வேற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நான் சரியென்று சொன்னதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. மச்சானும் மாப்பிள்ளையும் மேடையில் அடித்துக்கொள்வது நன்றாக இருக்காது என்று திருச்செங்கோட்டுக்காரர்கள் பேனரைக் கழற்றினார்கள். அடுத்த மழைக்கு அது ஒரு டீக்கடைக்குப் பின்னால் விறகை மூடிக்கொண்டு கிடந்தது.

கல்யாணத்தில் மச்சினன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். குத்திக் குத்தி வீங்கிய விரல் முட்டியில் மோதிரம் ஏறவில்லை. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். போட்டோக்காரர் சிரிங்க சிரிங்க என்றார். அந்தப் படத்தில் இருவரும் சிரிப்பது போலத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் தம்பி இவரை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிட்டதில்லை. "அவரு சாப்பிட்டாரா?", "அவரைக் கெளம்பச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகத்தான். அம்மாவோ நேர் எதிர். மாப்பிள்ளை வந்தால் கறி, மாப்பிள்ளை உட்கார்ந்தால் ஃபேன்.

இந்த வருஷம் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து என் சித்தப்பா ஒருவர் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "மாமனுக்குக் குத்தக் கெடைச்சது புள்ளையோட காதுதான். அப்பன் மூக்குல குத்தத்தான் இன்னும் குடுப்பினையில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை அழுதது. எட்டு வருஷமாக இப்படி ஆயிரம் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த என் வீட்டுக்காரர், கையிலிருந்த பூமாலையைக் கீழே வைத்தார்.

"மாப்ள, மோதிப்புடலாம். நாளைக் குறி."

தம்பி குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். "அவரை நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுக்கா" என்றான்.

ஒன்றரை மாதம் தயாரானார்கள். இவருக்கு முப்பத்தெட்டு வயது, பட்டறையில் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை. காலையில் கொல்லிமலை அடிவாரம் வரை ஓடுகிறேன் என்று கிளம்புவார். பாதி வழியில் யாராவது பைக்கில் கொண்டுவந்து விடுவார்கள். மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடி, கயிறு துணிக்கொடியில் மாட்டி, என் புடவை இரண்டோடு கீழே விழுந்தார். தம்பி ரிக்குக்கு லீவு போட்டான். அவனுக்கு முழங்காலில் வலி. ஆனால் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அம்மா அன்றே எனக்குப் போன் செய்தாள். நான் இவரிடம் சொல்லவில்லை. அதை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவருடைய ஜிம்மில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. சொந்தபந்தம் மட்டும்தான் என்றார்கள். போனால் தெருவே வந்திருந்தது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவில், மணி அடிப்பவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் போனைக் கொடுத்து என்னையே வீடியோ எடுக்கச் சொன்னார்கள். யார் பக்கமும் சாயமாட்டேன் என்று நம்பினார்களாம்.

முதல் ரவுண்டு முழுக்க இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். இவர் ஒரு அடி முன்னால் வைத்தால் தம்பி ஒரு அடி பின்னால். தம்பி வந்தால் இவர் பின்னால். "பொண்ணு மாப்பிள்ளை மணவறையச் சுத்தற மாதிரி இருக்குது" என்று சித்தப்பா கத்தினார். அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். யாருக்காக என்று கேட்கவில்லை.

இரண்டாவது ரவுண்டில் தம்பியின் இடது கை நேராகப் போய் இவருடைய மூக்கில் இறங்கியது. பொத்தென்று ஒரு சத்தம். ரத்தம் மீசையில் இறங்கியது. இத்தனை வருஷமாகத் தம்பி காத்திருந்த குத்து அது. ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் கீழே போட்டான்.

"ஐயோ, மாமா!"

மாமா என்று முதன்முதலாகக் கூப்பிட்டான். அதைக் கேட்டு இவர் நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் சாம்பியனின் வலது கை அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. தாடையில் விழுந்தது. தம்பி மல்லாக்க விழுந்தான்.

அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி, கயிற்றுக்குள் புகுந்து, விழுந்து கிடந்த மகனைத் தாண்டி மாப்பிள்ளையிடம் போனாள். "மாப்பிள்ளைங்க, மூக்கைக் காட்டுங்க."

"அம்மா, நான் இங்க கெடக்கறேன்" என்றான் தம்பி தரையிலிருந்து.

நடுவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேர் கையையும் தூக்கினார். இரண்டு பேருமே இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். இவர் மூக்கில் பஞ்சோடு சாய்ந்திருந்தார். புதன்சந்தை தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க. பயந்தீங்களா இல்லையா?"

"பயந்தேன் அம்மிணி" என்றார் உடனே. "ராசிபுரத்துல அதுக்கு மொத நாள் அவன் ஒருத்தனை அடிச்சதப் பாத்தேன். அப்பவே வயிறு கலக்க ஆரம்பிச்சுருச்சு. பொய் சொல்லல, நெஜமாவே கலக்குச்சு."

"அப்ப என்னைக் கட்டுனது?"

"உன்னைப் பாக்க வந்தப்ப நீ அவன் அக்கான்னு எனக்குத் தெரியாதே. ரிக்குல இருக்கற தம்பின்னாங்க. அந்தப் பக்கம் யாருதான் ரிக்குல இல்ல? தெரிஞ்சிருந்தா உங்க ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

எட்டு வருஷமாக மனதில் கிடந்த சந்தேகம் ஒரு நொடியில் போய்விட்டது. அதே நொடியில் கோபமும் வந்துவிட்டது. வந்திருக்கவே மாட்டாராமே! முன்னால் போன லாரிக்கு வேண்டாமலே ஹாரன் அடித்தேன்.

"அப்புறம் ஏன் எந்திரிச்சு ஓடல?"

"பாதிக் காபி இருந்துச்சு" என்றார். பிறகு பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "அதைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஓடத் தோணல" என்றார்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். தாடையில் வீக்கம் இன்னும் இருந்தது. "மாமா, ரத்தம் நின்னுருச்சுங்களா?" என்று நேராக அவரிடமே கேட்டான். இருவரும் சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து என் போனை வாங்கினார்கள். கையைக் கீழே போட்டவனை அடித்தது செல்லுமா செல்லாதா என்பதுதான் ஊரின் புதுக் கேள்வி. அதை வீடியோ பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம்.

ஆனால் குத்து விழுந்த நேரத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன். போன் எங்கேயோ திரும்பிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்வதும் அம்மாவின் கால் ஓடுவதும்தான் தெரிகிறது. அதற்குச் சற்று முன்னால் என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது: "அடிங்க!"

தம்பி நிறுத்தி, மறுபடியும் ஓட்டினான். மறுபடியும் "அடிங்க!"

"அக்கா, என்னை நீ என்னிக்காவது 'ங்க' போட்டுப் பேசியிருக்கியா?"

"டேய், மணி அடிக்கறவரைச் சொன்னேன்டா. மணி அடிங்கன்னேன். மொதச் சொல்லு கூச்சல்ல கேக்கல."

இவர் என்னைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்துச் சிரித்தார். தம்பி போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் காதோடு ஒட்டிக்கொண்டு பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். மணி என்ற சொல் எங்கேயும் இல்லை என்றான். இருக்கிறது என்று நான் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டிலும் அதே பேச்சுதான். இரண்டாவது தடவை நான் ரசம் ஊற்றும்போது இருவரும் ஒரே நேரத்தில், என் "அடிங்க!" மாதிரியே "ஊத்துங்க!" என்றார்கள். என் தம்பி எனக்கு 'ங்க' போட்டது அன்றைக்குத்தான்.