கிளம்பும்போது கேட்காத கேள்வி

என் மனைவி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது நாற்பத்து மூன்றாவது வயதில். அதற்கு முன் இந்த நாட்டுக்கு வந்து சான் ரமோனில் இருந்த பதினைந்து வருடமும் எங்கள் இருவருக்கும் தேகப் பயிற்சி என்றால், மொத்தக் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் கட்டுகளை காரில் ஏற்றி இறக்குவதுதான். முதலில் வீட்டைச் சுற்றி ஓட்டினாள். பிறகு ஆபீஸ் பார்க்கைச் சுற்றி. பிறகு மலை. இரண்டு வருடத்தில் என் சனிக்கிழமைகள் எல்லாம் பறிபோயின. காலையில் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவாள். அங்கே ஏதாவது ஓர் ஊரில் காரை நிறுத்திவிட்டு ஐம்பது அறுபது மைல் ஓட்டிவிட்டு மதியம் திரும்புவாள். எனக்கு இதில் கோபம் இருந்தது, மறைக்கப் போவதில்லை. இந்த வயதில் அந்த இறுக்கமான சட்டையும் டவுசரும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "காத்து புடிச்சு இழுக்காம இருக்க" என்றாள். நான் கேட்டது அதை இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

எங்கே போகிறாய் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. அது வளர்ப்பு. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் கிளம்புகிறவர்களிடம் 'எங்கே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்கலாம். சின்ன வயதில் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அப்பா ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை காலைகளில் நான் போர்வைக்குள் இருந்தபடி "தூரமா?" என்பேன். அவள் "கொஞ்சம் தூரம்" என்பாள். கார் போகிற சத்தம் கேட்கும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அந்த பிப்ரவரி சனிக்கிழமையும் அப்படித்தான். அன்று மூன்று மணிக்கு நண்பர் வீட்டில் வளைகாப்பு. ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஒன்றரை வரை நான் சும்மா இருந்தேன். ஒன்றே முக்காலுக்குக் கோபம் வந்தது. இரண்டு மணிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. "உனக்கு சைக்கிள்தான் முக்கியம்னா அங்கயே இரு" என்று வாய்ஸ்மெயிலில் சொல்லி வைத்தேன். சொன்னபோது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

இரண்டரைக்கு அந்தத் திருப்தி போய்விட்டது. பதினைந்து வயது மகள் தன் போனில் அம்மா எங்கே என்று பார்த்தாள். காலை எட்டு மணிக்கு, பாயின்ட் ரேயஸ் என்கிற கடலோரப் பகுதிக்குப் பக்கத்து ஊரில் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "அங்க சிக்னல் இருக்காதுப்பா. ஷி இஸ் ஃபைன்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் ஃபைனாக இல்லை. அம்மா வந்தால் போன் செய் என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு காரில் கிளம்பினேன்.

ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிற வழி. வளைகுடாவின் மேல் போகிற பாலத்தைத் தாண்டியதும் ஊர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வெறும் குன்றுகள் வந்தன. இங்கே பிப்ரவரி மழைக்காலம் என்பதால் எல்லாம் பச்சை. சாலை குறுகிக்கொண்டே போனது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கால் வைக்க இடமில்லாத சாலை. லாரி வந்தால் சைக்கிள் எங்கே ஒதுங்கும்? இரண்டு வருடமாக அவள் இதில்தான் போய் வந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஊரின் கடைத்தெருவில் அவள் கார் நின்றது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரன் போல. பானெட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே அவள் செருப்பு ஜோடியாக இருந்தது. நடைபாதையில் உட்கார்ந்து அவசர எண்ணுக்கு போன் செய்தேன்.

எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். சைக்கிள் என்ன நிறம்? கறுப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். ஹெல்மெட்? தெரியாது. என்ன சட்டை போட்டிருந்தார்? நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக எந்த வழியில் போவார்? அதுவும் தெரியாது. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் 'ஓகே' என்றாள். நான்காவது ஓகே காதில் அறைந்தது. அந்த ஊரிலிருந்து மூன்று சாலைகள் பிரிகின்றன. ஒன்று வளைகுடாவை ஒட்டி வடக்கே, ஒன்று மலையைச் சுற்றித் தெற்கே, ஒன்று மேற்கே கலங்கரை விளக்கம் வரை. வடக்கே ஒரு வண்டியை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள் அவள். நான் முச்சந்தியில் நின்றேன். கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறைக் கண்டுபிடித்துச் சம்பாதிக்கிற ஆள். பெண்டாட்டி போன திசை தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போதுதானே கேட்கக் கூடாது? திரும்பி வந்த பிறகு கேட்பதை எந்த சாஸ்திரம் தடுத்தது? ஆரம்பத்தில் அவளே சொல்ல வருவாள். இன்னைக்கு ஒரு ரோடு, ஒரு பக்கம் பூரா கடல், என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே ஆரம்பிப்பாள். நான் சாம்பாருக்குப் புளி போதுமா என்று கேட்பேன். நாலைந்து வாரத்தில் நிறுத்திக்கொண்டாள். நான் அதை கவனிக்கக்கூட இல்லை.

மகளுக்கு போன் செய்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் இங்கிலீஷில் சொன்னாள்: காற்று அதிகமாக இருக்கிற நாளில் அம்மா கலங்கரை விளக்கத்துக்குத்தான் போவாள், போகும்போது காற்று அழவைக்கும், வரும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும், அது அம்மாவுக்குப் பிடிக்கும். "ஹௌ டு யூ நோ?" என்று கேட்டேன். "ஐ ஆஸ்க்ட் ஹெர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், குத்தலாகக்கூட இல்லை. ஹெல்மெட் என்ன கலர் என்று கேட்க வாய் வரை வந்தது. உன் அம்மாவை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று பெற்ற பெண்ணிடம் கேட்பதா? வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

மேற்குச் சாலையில் மரங்கள் சீக்கிரமே முடிந்துவிட்டன. அதற்கப்புறம் காற்றில் படுத்துக் கிடக்கிற புல்லும், முட்புதரும், வேலிக்குப் பின்னால் நனைந்த மாடுகளும்தான். கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. எனக்குத் தெரிந்தது மூடுபனி மட்டும். மாடுகள் தாண்டாமல் இருக்க அங்கங்கே சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருந்தார்கள். கார் அவற்றில் ஏறும்போதெல்லாம் பல் கடகடத்தது. ஈரத்தில் அவை எண்ணெய் தடவியதுபோல மின்னின.

நான் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மனசு அதற்குத் தயாராகிவிட்டது போல. சாலையோரச் சரிவில், வேலி அடியில், விழுந்து கிடக்கிற ஒரு உருவத்தைத் தேடினேன். எதிரே ஒரு வயதான சைக்கிள்காரர் வந்தார். நிறுத்திக் கேட்டேன், பார்க்கவில்லை என்றார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பண்ணை கேட்டில் சாய்ந்தபடி பழுப்பு நிறப் பெரிய கோட்டைத் தலைவரை போர்த்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பண்ணை ஆள் போல. என்னைப் பார்த்துக் கை தூக்கினார். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கை காட்டுகிற வழக்கம் உண்டு. நானும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டிவிட்டுப் போனேன்.

சாலை ஒரு கார் நிறுத்துமிடத்தில் முடிந்தது. அதற்கு மேல் வண்டி போகாது. ஒரு கார்கூட இல்லை. இறங்கியதும் காற்று கதவைப் பிடுங்கியது. கீழே எங்கேயோ கடல் இடித்துக்கொண்டிருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். அதற்கப்புறம் பல வருடமாக 'இங்க பாரு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கத்திய சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. மகளிடம் எதைச் சொல்வேன்? சாமி கும்பிடுவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனாலும் தலையில் மிச்சமிருக்கிற நாலு முடியையும் பெருமாளுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டேன். அழுதேன். செய்வதற்கு வேறு ஒன்றுமே இல்லை.

வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் திரும்பினேன். அந்தப் பண்ணை கேட் பக்கத்தில் இப்போது ஒரு பிக்கப் வண்டி விளக்கை மின்னவிட்டபடி நின்றது. ஒரு பெண் நடுச்சாலைக்கு வந்து இரண்டு கையையும் நீட்டி என்னை நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் பழுப்புக் கோட்டுக்குள் இருந்தது என் மனைவி. கோட்டு பண்ணைக்காரப் பெண்ணுடையது. கேட்டுக்கு உள்பக்கம் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் பச்சை நிறம்.

இரண்டு முறை பஞ்சர். அதில் பாதிப் பொழுது போயிற்று. பிறகு ஈரமான இரும்புக் குழாய்மேல் டயர் வழுக்கி, வலது பக்கமாக விழுந்து காறை எலும்பு உடைந்திருந்தது. பண்ணைக்காரப் பெண் தன் கோட்டைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டு, போன் செய்ய வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றாள். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். காரில் ஏற்றும்போது என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். எந்த இடத்தில் பிடித்தால் வலிக்காது என்று தெரியாமல் என் கைகள் அந்தரத்தில் நின்றன. கடைசியில் அந்தப் பெண்தான் உட்காரவைத்தாள்.

சாலை குலுங்கும்போதெல்லாம் அவள் மூச்சு நின்று வந்தது. நான் பத்து மைல் வேகத்தில் ஓட்டினேன்.

"நீங்க போகும்போதே பாத்தேன்" என்றாள், கண்ணை மூடியபடி. "நம்ம கார்னு தெரிஞ்சுது. அடிபடாத கைய தூக்கிக் காட்டினேன்."

ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினேன்.

"நீங்களும் கை காட்டிட்டுப் போனீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட எனக்குத் தெரியும்.