தரையில் எதைத் தேடுகிறார்கள்

“…வாயுதான் அத்தான், வேற ஒண்ணும் கெடையாது. சோடாவ ஒடைச்சுத் தாங்க, ஒரு ஏப்பம் வந்தா செரியாப் போயிரும்” என்றான் என் மைத்துனன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறை. என் மகளின் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அந்த உட்காருதல் எனக்குத் தெரியும்.

போன வருடம் மழைக்காலத்திலும் இதே வலிதான். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையம் வீங்கியிருக்கிறது, குடியால் வந்தது, இனித் தொட்டால் திரும்பவும் வரும் என்றார்கள். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். படுத்தால் முதுகு வரை குத்தும். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே இருப்பான். பக்கத்துக் கட்டிலில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், அவரும் லாரிதான், அதே மாதிரி இருப்பார். “ஏலே, நாம ரெண்டு பேரும் தரையில எதைலே தேடுதோம்?” என்பார். சிரித்தால் வலிக்குமே என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

“முன்னெல்லாம் இது எப்பவாவதுதான் வரும். இப்ப வாரம் தப்பாம வருது, அதுவும் வயசுப் பயலுவ. நாடு பூரா இப்படித்தான் கூடிட்டு வருதாம், டாக்டருமாரு பேசிக்கிடுதாவ” என்றார் நர்ஸம்மா. “நெறையப் பேரு நடந்தே வீட்டுக்குப் போயிருதாவ. வாயு வாயுன்னு சோடாவக் குடிச்சிட்டு, முத்தவிட்டு வாரவங்களத்தான் பிடிச்சு நிறுத்த முடியல.”

புதுக்கோட்டைக்காரர் அப்படி வந்தவர். ஒரு காலையில் அவர் கட்டிலில் புது விரிப்பு கிடந்தது. “தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்பாங்க. இது பக்கத்துக் கட்டிலுக்கு வந்தாலே தெரியுது அத்தான்” என்றான் மைத்துனன். அதோடு குடியை விட்டான். விட்டான் என்றுதான் நம்பியிருந்தோம்.

அன்றிலிருந்து குனிந்திருக்கிறவர்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் ஒருவர், பஸ் நிறுத்தத்தில் ஒருவர். துறைமுக வாசலில் வரிசையாக நிற்கும் லாரிகளில் யாராவது ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தால் பைக்கை நிறுத்திப் பார்ப்பேன். தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

சோடா என் கையில் இருந்தது. ‘குடிச்சியாலே?’ என்றுதான் கேட்க நினைத்தேன். வாயில் வந்ததோ வேறு.

“தரையில எதைலே தேடுத?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரிப்பில்லை. சோடாவுக்கும் கை நீட்டவில்லை. பையை விடாமல், குனிந்தவாக்கிலேயே எழுந்து, வாசலில் நின்ற என் பைக்கின் பின்சீட்டில் போய் ஏறி உட்கார்ந்தான்.