கழுத்தளவுத் தண்ணீர்

வெள்ளம் வந்தால் இப்போது ரேடியோவில் அடிக்கணக்கு சொல்கிறார்கள். வீட்டில் எல்லாரும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் என் கணவர் ஆற்றில் நட்ட கம்பம் நினைவுக்கு வந்துவிடும். வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பில் மீட்டர் கணக்கு எழுதிய கம்பம். ஆற்றின் மேல்பக்கம், வில்லியனூரில், அதைப் பார்த்துக் காவல்காரர் ஆள் அனுப்புவார். அரியாங்குப்பத்து ஆற்றோரக் குடிசைகளுக்கு இவர் போய்ச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு சர்க்காரில் அதுதான் அவர் உத்தியோகம். முதல் வருஷம் ‘மூன்று மீட்டர்’ என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரும் அசையவில்லை. ஒரு கைக்குழந்தையை ஆறு கொண்டுபோயிற்று. அதன்பிறகு மேகம் கறுத்தாலே மனுஷர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார்; சோறு தட்டில் காயும்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றைக் கும்பிட வந்த பெண்கள், அந்தக் குடிசைப் பெண்களும் சேர்ந்து, தண்ணீருக்குள் நின்ற அந்தக் கம்பத்துக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிவிட்டார்கள். வெள்ளிக்கு வெள்ளி பூச்சு ஏறியது. ஓர் எண்கூடத் தெரியவில்லை. சுரண்டச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். நாங்களோ மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். நாங்கள் போய் அவர்கள் அம்மன்மேல் கத்தி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? அதை நினைத்தும் நடந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், காவல்காரர் அனுப்பிய ஆள் நனைந்தபடி வந்து நின்றார்.

“அம்மாவுக்குக் கழுத்தளவு வந்துட்டுதுங்க.”

“எத்தினி மீட்டர்யா?” என்றார் இவர்.

“அது தெரியலீங்க. கழுத்து.”

“கம்பத்துக்கு ஏதுய்யா கழுத்து?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கழுத்தோ காலோ, ஏறுதில்ல? போய்ச் சொல்லுங்க. நீங்க அளந்து முடிக்கிறவரைக்கும் ஆறு நிக்குமா?” என்றேன்.

குடைகூட எடுக்காமல் ஓடினார். அம்மாவுக்குக் கழுத்தளவு என்று கேட்டதை அப்படியே சொன்னாராம். உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். இருட்டுவதற்குள் அங்கே குடிசை ஒன்றும் இல்லை. ஓர் உயிரும் போகவில்லை.

நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் ஈரவேட்டியோடு நடந்துகொண்டிருந்தார். கம்பமும் ஆற்றோடு போய்விட்டதாம். “துரை இரும்புல நடுவாரு. நம்பரெல்லாம் பளிச்சுன்னு தெரியும்,” என்று தேற்றினேன்.

“எனக்கு நம்பர் தெரியும்,” என்றார். “அந்தக் குடிசை ஜனங்ககிட்ட இன்னான்னு சொல்லுவேன்?”