எதைத் தட்டினாலும் அரிசிக் கடை

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ‘வெப்சைட் செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டிய முதல் ஆள் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். இரண்டாவது ஆள் இல்லாததால் மறுக்கவும் ஆள் இல்லை. பி.காமில் இரண்டு பேப்பர் பாக்கி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு ஆங்கிலப் புத்தகம். இவ்வளவுதான் என் நிறுவனம். அந்தப் புத்தகத்தில் நூற்றுப் பத்தாம் பக்கம் வரை எனக்குப் புரிந்தது. நான் கெட்டது நூற்றுப் பதினோராம் பக்கத்தில்.

டீச்சர் கல்லலில் இருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் மலேசியாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போய் மூன்று வருஷம். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக நின்றுவிட்டது. கம்பெனிக்கு எழுதினால், வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதியாகிவிட்டது. ஊரில் சிலர், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் டீச்சரே என்னிடம் சொன்னார்.

“வச்சுக்கிட்டாலும் சரி தம்பி. உசுரோட இருக்காரான்னு மட்டும் தெரியணும்.”

அவர் போகும் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு மலேசியா திரும்புவதாக இருந்தார். நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் அங்கே மாதா கோயில் வாசல்களிலும் தமிழ்க் கடைகளிலும் ஒட்டுவதாகச் சொல்லியிருந்தார். நோட்டீஸில் போட்டோ போட்டால் முகம் கரிக்கட்டையாக வரும். அதனால் போட்டோக்களை வெப்சைட்டில் ஏற்றிவிட்டு, நோட்டீஸில் அதன் முகவரியைப் போடலாம் என்று யோசனை சொன்னேன். அதுவரை நல்ல யோசனைதான்.

நான்கு போட்டோக்களை ஸ்கேன் செய்து, கீழே எனக்கு ஈமெயில் அனுப்ப ஒரு பொத்தானும் வைத்துப் பக்கம் தயாரித்தேன். ஆனால் அதன் முகவரி அனுமார் வால். நெளிகோடு, கேள்விக்குறி, சமக்குறி, நடுவில் எண்கள், எல்லாம் உண்டு. அச்சாபீஸ்காரர் என் துண்டுச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, புழு மாதிரி நெளியுது? இந்த எழுத்து எங்கிட்ட இல்லையே.”

“அது இல்லாமப் பக்கம் வராதுண்ணே.”

“கேள்விக்குறி வேணா ரெண்டு சேத்துத் தாரேன், எடுத்துக்கங்க.”

அப்போதுதான் நூற்றுப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன். நம் பக்கங்களைச் சுமக்கும் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிறது. அதில், புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஒரு கோப்பு உண்டு. அதற்குள் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்: ‘தேடல்’ என்று யாராவது கேட்டு வந்தால் சத்தமில்லாமல் அந்த அனுமார் வால் முகவரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வருகிறவருக்கு வாலே தெரியாது. எழுதினேன், வேலை செய்தது. என் கடை இருந்த மாடியில் தனியாளாக ஒரு ஆட்டம் போட்டேன். கீழ்க்கடைக்காரர் உத்தரத்தில் குச்சியால் தட்டினார்.

நோட்டீஸின் வாசகத்தை டீச்சர் கைப்பட எழுதி வந்திருந்தார். அடியில் தன் தபால் விலாசமும் போட்டிருந்தார்.

“இது எதுக்கு டீச்சர்? பிளேன்ல போறவருக்கு மாட்டு வண்டியையும் கட்டி அனுப்புறீகளா?” என்றேன்.

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் இன்னும் இரண்டு ஜோக் அடித்து, விலாசத்தைப் பேனாவால் அடித்தேன். நோட்டீஸின் அடியில் ஒரே ஒரு வரி, கொட்டை எழுத்தில்: குட்டி முகவரி. டெலிபோன் எண்ணும் இல்லை. அவர் வீட்டில் போன் கிடையாது. என் போனை யார் கூப்பிட்டாலும் மோடம்தான் எடுத்துக் கத்தும். நோட்டீஸ் கட்டு விமானம் ஏறியது.

பிறகு சிங்கம்புணரியில் இருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு பக்கம் வேண்டும், குட்டி முகவரியும் வேண்டும்.

“ஏப்பா, அரிசின்னு தட்டுனாலும் வரணும், ரைஸ்னு தட்டுனாலும் வரணும், எவன் எப்படித் தப்பாத் தட்டுனாலும் நம்ம கடை வந்து நிக்கணும். செய்வியா?”

செய்வேன் என்றேன். முதலில் ‘அரிசி’க்கு மட்டும் ஒரு வரி எழுதித் திறந்து பார்த்தேன், மூட்டைப் படத்தோடு வந்தது. தப்பாகத் தட்டுகிறவர்களுக்கும் புத்தகத்தில் வழி இருந்தது: ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம். ‘எது வந்தாலும்’ என்று அர்த்தம். எது வந்தாலும் அரிசிக் கடைக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதி, அதே கோப்பில் டீச்சரின் வரிக்கு மேலே வைத்தேன். புது ஆளுக்கு முதல் பந்தி. மேலே இருப்பதைத்தான் அந்த இயந்திரம் முதலில் படிக்கும், ‘எது வந்தாலும்’ என்றால் டீச்சரின் பக்கத்தைத் தேடி வருகிறவரும் அதில் சேர்த்தி என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், காரைக்குடி முறைப்படி. இணையத்துக்கு நாங்கள் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் போக வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடும். ஆகவே மோடத்தைக் கூப்பிட்டு, கோப்பை ஏற்றி, உடனே தொடர்பைத் துண்டித்துவிட்டு, பக்கங்களை நிதானமாகத் திறந்து பார்ப்பேன். முன்பு பார்த்த பக்கங்களை என் கம்ப்யூட்டர் தன் வயிற்றில் சேர்த்து வைத்திருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டும். ‘தேடல்’ என்று தட்டினேன். டீச்சரின் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘அரிசி’ என்று தட்டினேன். மூட்டைகள் நின்றன. இரண்டும் சரி. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் பார்த்தேன். உலகத்தில் என் மேஜை மேல் மட்டும் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை தோறும் டீச்சர் படியேறி வருவார்.

“ஏதும் வந்துச்சா தம்பி?”

“இல்ல டீச்சர். ஆனா பக்கம் ஜம்முன்னு இருக்கு, பாக்குறீகளா?”

பார்ப்பார். சைக்கிள் படத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பார். நான்கு சனிக்கிழமை இப்படிப் போனது.

அடுத்த புதன்கிழமை ஆலைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். முகமெல்லாம் பல்.

“சிங்கப்பூர்ல இருந்து மச்சினன் பேசுனான்ப்பா. எதைத் தட்டுனாலும் நம்ம கடைதான் வருதாம்ல! எவன் பேரைத் தட்டுனாலும் நம்ம அரிசி! படம்தான் தெரியலையாம். கெட்டிக்காரன்டா நீ.”

அவர் படியிறங்கும் வரைகூட என்னால் காத்திருக்க முடியவில்லை. மதுரையைக் கூப்பிட்டேன். வயிற்றில் சேர்ந்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டு ‘தேடல்’ என்று தட்டினேன். ‘சிங்கம்புணரியின் உயர்ந்த ரகப் பொன்னி’ என்று வந்தது. மூட்டைப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கட்டம். படத்தைக் கேட்டு வந்தாலும் அரிசிப் பக்கத்துக்கே அனுப்பு என்று நான்தானே எழுதியிருந்தேன்.

பதறிப்போய் டீச்சரின் வரியை மேலே ஏற்றினேன். மறுபடி அரிசி. ‘இந்த வரியோடு நில்’ என்று அதன் கடைசியில் ஒரு குறி போட்டேன். மறுபடி அரிசி. எஸ்.டி.டி. ஓடுவதைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக நினைக்கவில்லை. மத்தியானச் சோற்றை மறந்து உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது: நில் என்றால் அது நிற்கும், ஆனால் புது முகவரியோடு மறுபடி முதல் வரியில் இருந்து அதே கோப்பைப் படிக்கும். இரண்டாம் சுற்றில் அந்த நட்சத்திரம் வாசலில் நின்று பிடித்துக்கொள்ளும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, ‘அரிசி’, ‘ரைஸ்’ என்று இரண்டே சொல்லை எழுதினேன். சைக்கிளோடு அந்த மனிதர் வந்தார். எழுத்தை மாற்ற அரை நிமிஷம். அதைக் கண்டுபிடிக்க மூன்றரை மணி நேரம். அது கெட்டுக் கிடந்தது இருபத்தாறு நாள்.

யார் எப்போது எதைக் கேட்டு வந்தார்கள் என்று அந்த அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. இறக்கிப் பார்த்தேன். ‘தேடல்’ என்று கேட்டு இருபத்தாறு நாளில் முப்பத்தொரு வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும், எல்லாம் நலம், கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்பதற்கான எண். மலேசியாவில் ஒரே இடத்தில் இருந்து, இரண்டு நாளில் ஐந்து தடவை வந்திருந்தார்கள். ஐந்து தடவையும் அரிசி. அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ள அந்த வரியில் வழி இல்லை.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். “ஏதும் வந்துச்சா தம்பி?” “இல்ல டீச்சர்,” என்றேன். பொய் இல்லை. அப்படி ஒரு உண்மையைச் சொல்வதற்குப் பதில் நல்லதாக ஒரு பொய்யே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஜோக் ஒன்றும் வாயில் வரவில்லை. “ஒடம்பு சரியில்லையா?” என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

பத்து நாள் கழித்து ஈமெயில் வந்தது. மலேசியாவில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தமிழ்ப் பெண், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்: ‘எங்கள் வார்டில் பெயர் தெரியாத ஒருவர் பக்கவாதத்தில் கிடந்தார். ரோட்டோரத்தில் இருந்து யாரோ கொண்டுவந்து சேர்த்தது. பேச்சு இல்லை, எழுதவும் கை வரவில்லை, எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஒரே மாதிரி தலையாட்டுவார். கடையில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, இவராக இருக்குமோ என்று போட்டோவை ஒத்துப் பார்க்கப் பல தடவை முயன்றோம். அரிசி விளம்பரம்தான் வந்தது. வியாபாரத்துக்கு ஏமாற்றுகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அவர் போன மாதம் இறந்துவிட்டார். இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இன்று ஏதோ தோன்றி மறுபடி பார்த்தேன். போட்டோவில் இருப்பவர் அவர்தான். வலது புருவத்துக்கு மேல் தழும்பு.’

இப்போது என் பக்கம் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

ஈமெயிலில் அரிசி பற்றிய இரண்டு வரிகளை அழித்துவிட்டு பிரிண்ட் எடுத்தேன். அழிக்க யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போனது. கல்லல் பஸ்ஸில் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றபடி படித்தார். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டாவது தடவை படிக்கும்போதே விட்டுப்போனது தெரிந்துவிட்டது.

“நோட்டீஸப் பாத்தாகளாம்ல. அப்பவே ஏன் போட்டோவ ஒத்துப் பாக்க முடியல?”

சொன்னேன். நட்சத்திரம், முதல் பந்தி, தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பார்த்தது, ஐந்து தடவை, அழித்த இரண்டு வரி, எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொடர்ந்திருக்க மாட்டேன்.

“அரிசிக் கடையா?” என்றார்.

“ஆமா டீச்சர்.”

கோபம் இல்லாத குரலில், வகுப்பில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டுவது மாதிரி சொன்னார்:

“நீங்க சிரிக்கச் சிரிக்கப் பேசுனீக. அதுல நான் விலாசத்த விட்டுட்டேன்.”

இன்றைக்கும் யாரையாவது சிரிக்கவைத்து ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள வைக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது; இருந்தும் வைக்கிறேன், வேறு வித்தை தெரியாது.

“அந்தப் பிள்ளைக்குத் திருப்பி எழுதலாமா?” என்று கேட்டார்.

“எழுதலாம் டீச்சர். என்ன எழுத?”

“அவரை என்னன்னு கூப்பிட்டாகன்னு கேளுங்க. பேர் தெரியாதுல்ல அவுகளுக்கு.”

அன்று சாயங்காலமே எழுதினேன். அரிசிக் கடை என் தப்பு என்பதையும் எழுதினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. ‘வார்டில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். உங்கள் தப்பைப் பற்றி எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.’ ஒரு எழுத்தையும் தொடாமல் பிரிண்ட் எடுத்து அடுத்த பஸ்ஸில் கொண்டுபோனேன்.

வகுப்பு வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். அங்கேயே படித்தார். “சரி தம்பி,” என்றார். காகிதத்தை நான்காக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னம் நடத்திக்கொண்டிருந்தார் போல. பகுதி எது, தொகுதி எது என்று ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டார். அது தப்பாகச் சொன்னது. உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் இருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தார். நான் கல்லல் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.