சீனி வகுப்பும் பார்வதி அக்காவும்

சர்க்கரை நோயைத் தடுக்கிற வேலை பார்ப்பவளுக்குக் கல்யாண வீட்டில் பாயசம் கிடையாது. பரிமாறுகிறவர் பார்த்தும் பாராமல் அவள் இலையைத் தாண்டிப் போய்விடுவார். “இன்னைக்கு ஒரு நாள்தானே” என்று இனிப்பை நீட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

ஆபீசில் ஓர் ஆங்கிலப் பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து, நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொன்னார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை வகுப்பு. முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் பார்வதி அக்கா. நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. இதே நோயில் அவர் அம்மாவுக்கு ஒரு காலை எடுத்திருந்தார்கள். மகள் கல்யாணத்தில் தன் இரண்டு காலில் நிற்கவேண்டும் என்பதே அவர் கவலை. மூன்று மாதத்தில் ரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

கால்வாசிச் சோறு

பாடத்திட்டத்தில் ஒரு தட்டுப் படம். பாதி காய்கறி, கால்வாசி சோறு, மீதி மீனோ பருப்போ. புரோக்கோலியை எடுத்துவிட்டு வெண்டைக்காய்ப் படம் ஒட்டினேன். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு. அடுத்த வாரம் பார்வதி அக்காவின் எடை கூடியிருந்தது. துருவித் துருவிக் கேட்டேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, தயிருக்கு என்று நம் வழக்கப்படி சோறு மூன்று சுற்று வந்திருக்கிறது. படம் வரைந்தவருக்கு ரசத்தைத் தெரியாது, சரி. எனக்குத் தெரியவேண்டாமா?

“நீ சொன்னபடிதான் கீதா. மூணு தடவையும் கால்வாசிதான் போட்டேன்.”

சும்மா நடப்பது

அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பாசிர் ரிஸ் பூங்காவில் தினமும் நடக்கச் சொன்னேன். அவருடைய அடுக்குமாடி புளோக்கிலேயே இருக்கும் ரஹ்மத் அக்காவைத் துணைக்குச் சேர்த்துவிட்டேன். இருவரும் போகவே இல்லை. போன் செய்தால் மழை, வெயில், முட்டிவலி. பொறுமை போய், நேரில் சென்று கதவைத் தட்டினேன். ரஹ்மத் அக்காதான் உண்மையைச் சொன்னார்.

“கையில ஒரு பை இல்லாம ரெண்டு பொம்பளைங்க சுத்திச் சுத்தி நடந்தா, வீட்டுல சண்டைன்னுதான் நினைப்பாங்க லா.”

சம்பந்தி வீட்டு லட்டு

ஆளுக்கொரு பையோடு, வகுப்புக்குப் பக்கத்திலிருக்கும் தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி நடக்கவிட்டேன், அது பலித்தது. எடை இறங்கத் தொடங்கிய நேரம் பார்த்து, உட்லண்ட்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வந்தார்கள். இனிப்பு நீட்டினால் சிரித்தபடி “வேண்டாம், நன்றி” சொல்லும்படி பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் இருந்தது. அக்காவைச் சொல்லிப் பார்க்கவும் வைத்திருந்தேன். அன்று முழுக்க எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் போன் செய்தேன்.

“சம்பந்தியம்மா ஊட்டுற லட்டை வேணாம்னா, பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னு ஆயிடும். ரெண்டு சாப்பிட்டேன்.”

வெறும் வயிறு

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, “ஒரு விள்ளல் வாங்கிக்கொண்டு, மீதியை உடனே அவருக்கே ஊட்டிவிடவும்” என்று எழுதினேன்.

பரிசோதனை நாள் வந்தது. தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று முந்தின நாளே விடாமல் மெசேஜ் அனுப்பியிருந்தேன். பார்வதி அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். கருவியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சீனி ஆரம்பத்தைவிட மேலே. அக்கா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். எல்லாம் நல்லபடியாக வரவேண்டுமென்று காத்தோங் கோயிலுக்குப் போயிருக்கிறார். அங்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார்கள்.

“பிரசாதத்தைப் போய் யாராச்சும் சாப்பாட்டுல சேர்ப்பாங்களா?”

வாளிக்குப் பக்கத்தில்

அடுத்த சனிக்கிழமை, கோயில் பக்கமே போகாமல் வீட்டிலிருந்து நேராக வரவைத்தேன். சீனி இறங்கியிருந்தது. மாத்திரை வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம்.

கல்யாணத்தன்று அக்கா பட்டுப்புடவையில் மண்டபம் முழுக்க நடந்துகொண்டிருந்தார், கையில் பை இல்லாமலே. என்னைக் கண்டதும் பந்திக்கு இழுத்துப்போய், பாயச வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“இங்கேயே நில்லு கீதா. உன்னைப் பார்த்தா நம்ம ஆளுங்க யாரும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க.”

ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பக்கம் நானேதான் என்று அன்று தெரிந்துகொண்டேன், பாயசம் மட்டும் கடைசிவரை எனக்கு வரவில்லை.