கடைமடைக்கு வந்த சிரிப்பு நடிகர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நான் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தி வந்தேன். ஆறு மிஷின்கள். தேர்தல் அறிவித்த வாரம் என் நிலையத்துக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியைக் கட்சி அலுவலகமாக்கினார்கள். வேட்பாளர் ஒரு சிரிப்பு நடிகர்.

அவர் எங்கள் பக்கத்துக்காரர்தான். இருபது வருஷமாகச் சென்னையில் சர்வராகவும் திருடனாகவும் மாப்பிள்ளைத் தோழனாகவும் நடித்துக்கொண்டிருந்தவர். எந்தப் படமானாலும் ஓர் இடத்தில் முகத்தை மிக விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்து வருவார், வழுக்கி விழுவார். தியேட்டரே அதிரும். நேரில் பார்த்தால் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

முதல் நாள் படியிறங்கி வந்து நாலு பக்கத் தாளை நீட்டினார்.

“டீச்சர், இத ரெண்டு காப்பி அடிச்சுத் தருவியளா?”

அவரே எழுதிய மேடைப்பேச்சு. எங்கள் கிளைக் கால்வாய் தூர்ந்துபோய், கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாமல் கிடப்பதைப் பற்றியது. ஒரு வேடிக்கை வார்த்தை கிடையாது. அடிக்க அடிக்க எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அன்று சாயந்திரம் ஜீப்பின் மேல் நின்று, “பெரியோர்களே” என்றார். கூட்டம் சிரித்தது. “நம்ம கால்வாயில மண்ணு ஏறிக் கெடக்கு” என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோபத்தில் அவர் முகம் விறைக்க விறைக்க, இதோ விழப்போகிறார் என்று சிரிப்பு கூடியது.

மறுநாள் காலை என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நா சிரிக்க மாதிரியா எழுதியிருக்கேன் டீச்சர்?”

“எழுத்துல ஒண்ணும் இல்ல சார். முகத்தப் பாத்தாத்தான் வருது.”

“அத எங்கன கொண்டு கழத்தி வைக்க?”

என் மாணவிகள் முன்னால் பேசிப் பார்த்தார். யாரும் நிமிரக் கூடாது, டைப் அடித்துக்கொண்டே கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. மூன்றாவது வாக்கியத்தில் ஒரு மிஷின் நின்றது. ஐந்தாவதில் எல்லாமே நின்றன. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் கடைமடைக் கிராமத்துக்குப் பிரச்சாரம் போனார். என் பெரியம்மை, அம்மாவின் அக்கா, அந்த ஊர். அவளைப் பார்க்க நானும் ஜீப்பிலேயே போனேன். வழக்கம்போல் பேசினார், வழக்கம்போல் சிரித்தார்கள். பெரியம்மை மட்டும் சிரிக்கவில்லை. களைக்கொத்தோடு முன்னால் வந்து நின்றாள்.

“எய்யா, நல்லாத்தான் பேசுதீரு. தண்ணி எப்பம் வரும்? அதச் சொல்லும்.”

கூட்டம் அடங்கியது. அவர் மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

“எனக்குத் தெரியாது தாயி. எங்கன அடச்சிக் கெடக்குன்னு காட்டுதியளா?”

பெரியம்மை முன்னால் நடந்தாள். உச்சி வெயிலில், உடைமரத்து முள் கிழிக்கக் கிழிக்க, அவர் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நடந்தார். எங்கே கரை இடிந்திருக்கிறது, எங்கே மடை புதைந்திருக்கிறது என்று ஊர்க்காரர்கள் போட்டிபோட்டுக்கொண்டு காட்டினார்கள். சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். சிரிப்பும் நிற்கவில்லை, ஆனால் இப்போது அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் மேடை ஏறவே இல்லை. ஊர் ஊராக வாய்க்காலில் நடந்தே ஜெயித்தார்.

எம்.எல்.ஏ. ஆனதும் மனு மேல் மனுவாக என்னிடம் அடித்து வாங்கிப்போனார். பாசனப் பொறியாளர் வெளிமாவட்டத்துக்காரர், அவருடைய ரசிகர். அதுதான் சிக்கல். போகும்போதெல்லாம் காப்பி வரும், படப்பேச்சு நடக்கும், மனு மேஜையில் கிடக்கும். ஒருநாள், அன்று குறித்ததை வைத்து நான் வரைந்த கால்வாய் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

“சார், ஒரே ஒரு தடவை அந்த வழுக்கி விழுறதை இங்கே செஞ்சு காட்டுங்களேன்,” என்றார் பொறியாளர்.

“நீங்க தூர் வாரித் தண்ணி விடுங்க. கடமடையில வச்சு விழுதேன். ஊரோட பாக்கலாம்.”

பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, நான் பார்க்க முதல் தடவையாக, மனுவை எடுத்துக் கடைசி வரை படித்தார்.

வேலை முடிய இரண்டு கோடை ஆனது. பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்னால் ஒரு காலையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடைமடைக்கு வந்து சேர்ந்தது. பொறியாளர் குடும்பத்தோடு வந்திருந்தார். நடிகருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, முகத்தை விறைப்பாக்கி, வரப்பில் நடந்து வந்தார்.

“எய்யா, அங்கன விழாதியும், நாத்து கெடக்கு,” என்றாள் பெரியம்மை. “பைய இந்தப் பக்கம் வந்து விழும்.”

அவர் நின்று, தலையாட்டி, அவள் கை காட்டிய இடத்துக்கு வந்து, கால் இரண்டும் மேலே போக வாய்க்காலுக்குள் விழுந்தார். அந்தச் சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். எழுந்தவர், தண்ணீர் சொட்டச் சொட்டப் பொறியாளரிடம் கை நீட்டினார். தூக்கிவிடப் போனவரையும் உள்ளே இழுத்துப் போட்டார்.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன்.

“வருத்தந்தான் டீச்சர். இன்னும் மூணு வாய்க்கா பாக்கி கெடக்கு,” என்றார். சென்னையில் ஒரு படத்தில் அப்பா வேடத்துக்குக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார்.

திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு நானும் என் கணவரும் வழியனுப்பப் போனோம். பிளாட்பாரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் படத்தைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் தன் ஊர்ப் பாலத்தைப் பற்றி. இரண்டு பேருக்கும் நின்று பதில் சொன்னார். வண்டி நகர்ந்த பிறகும் பாலத்துக்காரர் ஜன்னலோடு பேசிக்கொண்டே நடந்தார்.