நாங்கள் இல்லாத நேரத்தில் இறங்கிய பற்றரி

என் கணவர் வேலை செய்த கப்பல் கம்பனியை மூடியபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பம்பலப்பிட்டிப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு இன்னும் சில வருடச் சேவை மீதி இருந்தது. எங்கள் ஒரே மகள் மெல்பேர்னில். காலையில் நான் சேலையைக் கட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகு வெள்ளவத்தை ஃபிளாட் முழுவதும் அவருக்கே. நான் திரும்பி வரும்போது வீட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். ஒருநாள் கதிரைகள். ஒருநாள் சாமிப்படங்கள். இன்னொருநாள் குசினியில் சரக்குப் போத்தல்கள் எல்லாம் உயரவாரியாக நின்றன. மல்லித்தூள் எது, மிளகாய்த்தூள் எது என்று எனக்கே பிடிபடவில்லை.

ஓய்வெடுக்கச் சொன்னால் ஓய்வென்றால் என்னவென்று கேட்பார். பத்திரிகையை விரித்துவிட்டு ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ரயில் போன பிறகும் அங்கேயே நிற்பார்.

அப்படியிருந்த நாட்களில்தான் அவர் கரவன் வாங்கினார். நாடு திரும்பும் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. லைட்டும் மின்விசிறியும் தண்ணீர்ப் பம்பும் ஒரு பற்றரியில் ஓடும்.

"சண்டையும் முடிஞ்சுது. ரோட்டுகளும் திறந்தாச்சு. இனியும் இந்த நாலு சுவருக்குள்ளையே கிடக்கிறதே?" என்றார்.

"அதை எங்கை விடுறது?" என்று கேட்டேன். எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிளைத் திருப்பவே இடமில்லை.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் தரை ஓடு விற்கும் ஸ்டோர் வைத்திருந்தார். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்து வியாபாரம் தொடங்கிய குடும்பம். ஸ்டோரின் பின்னால் லொறிகள் சாமான் இறக்கும் பெரிய முற்றம். அதன் மதிலோரமாகக் கரவனை நிறுத்தச் சிநேகிதர் உடனே சம்மதித்தார். தன்னுடைய டபுள் கேப் வாகனத்தையும் இரவல் தந்தார். அதில் கொளுவிக்கொண்டு ஒருமுறை கிழக்குக் கடலோரம் நிலாவெளிக்குப் போய் வந்தோம். பிறகு பாடசாலை தொடங்கிவிட்டது. கரவன் கொட்டாஞ்சேனையில் நின்றது.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, அதைத் துடைத்துவிட்டு வரலாம் என்று போனோம். உள்ளே போய் லைட் சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. விசிறி ஒருதரம் அசைந்து நின்றது.

"பற்றரி இறங்கிப்போச்சு. பழசுதானே," என்றார் அவர்.

பக்கத்துக் கராஜில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினோம். அடுத்த சனி மறுபடி செத்துக் கிடந்தது. புதிய பற்றரி வாங்கிப் போட்டார். ஒரு கிழமை நன்றாக இருந்தது. அதற்கடுத்த கிழமை அதுவும் செத்தது. சிநேகிதர் முற்றத்துக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மறுபடியும் போச்சா மச்சான்? இத வித்துட்டு ஒரு வேன எடு. நிம்மதியா இருப்ப."

"ஏதோ ஒண்டு கரண்டை இழுக்குது. அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டன்," என்றார் இவர்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. சோறு பிசைந்துகொண்டிருப்பார், கை நின்றுவிடும். "பம்பாய் இருக்குமோ?" என்பார். மகள் தொலைபேசியில் பேசும்போது அவளிடமும் கேட்டார். அவள் என்னிடம் தனியாக, "அம்மா, அப்பா ஓகேயா?" என்றாள். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

மின்னோட்டம் அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோர்த்தால், எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எவ்வளவு கரண்ட் களவு போகிறது என்று காட்டும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது மீட்டரில் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கள்ளன் இருக்கிறான். அவர் வெளியே மீட்டருடன் குந்தியிருக்க, நான் உள்ளே பியூஸ் பெட்டியின் முன்னால் முழங்காலில் நின்றேன். மத்தியானம். தகரக்கூரை. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"கழட்டும்."

"கழட்டிட்டன்."

"எதைக் கழட்டினீர்?"

"ரெண்டாவதை."

"மேலையிருந்தோ கீழையிருந்தோ?"

"நீங்கள் சொன்ன பக்கத்திலையிருந்து."

"நான் ஒரு பக்கமும் சொல்லேல்லையே."

இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒரு பியூஸ் பெட்டிக்காக இப்படிச் சண்டை பிடிப்பார்களா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் ரேடியோவின் பியூஸைக் கழற்றியபோது எண் சட்டென்று விழுந்தது. அணைத்து வைத்தாலும் ரேடியோ கொஞ்சம் கரண்டைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை அடியோடு கழற்றி ஒரு பையில் போட்டார். பஸ்ஸில் வரும்போது சீட்டியடித்தார்.

நான் அந்த எண்ணை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு சிறிய கரண்டில் அந்தப் பற்றரி இறங்குவதென்றால் மாதக்கணக்காகும், ஒரு கிழமை போதாது. கணக்கு உதைத்தது. சீட்டியடிக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? கோட்டையைத் தாண்டியதும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தமுறை போனபோது பற்றரி செத்துத்தான் கிடந்தது. சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரை வைத்தால் முள்ளளவு கரண்ட்கூடப் போகவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு ஆட்களில் சந்தேகம் வந்தது. முற்றத்தில் சாமான் இறக்கும் பெடியன்கள் உள்ளே போய் விசிறியைப் போட்டுப் படுக்கிறார்கள், போன் சார்ஜ் பண்ணுகிறார்கள் என்றார். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து ஸ்டோரில் காவலுக்கு நின்றவர் மீதும் சந்தேகம். அவர் எங்களைக் கண்டால் கதிரை கொண்டுவந்து போடுகிற மனிதர். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் என் கணவர் கதவில் ஒரு பெரிய பூட்டைக் கொளுவி, திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சிநேகிதர் பூட்டைப் பார்த்தார். அன்று எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது. ஆனால் அவர் கூட இருந்து குடிக்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "நம்ம பசங்க அப்படிச் செய்ய மாட்டாங்க தங்கச்சி," என்றார்.

பூட்டுப் போட்ட பிறகும் பற்றரி இறங்கியது.

பிறகு என் கணவர் ஒன்றைவிட்டு ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினார். பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். நான் பாடசாலையிலிருந்து அழைத்தால், "இண்டைக்கு நல்லா இருக்குது" என்பார், அல்லது நீளமாக மூச்சு விடுவார். அவர் மெலிந்து போயிருந்தார். குளித்துவிட்டு வந்து துவாயைத் தோளில் போட்டபடி நிற்பார், அடுத்து என்ன செய்ய வந்தோம் என்பது மறந்துபோய். அவரோடு இருந்து இருந்து எனக்கும் அது தொற்றியது. வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கை எழுதிவிட்டு, பம்பும் இல்லை, ரேடியோவும் இல்லை, வேறென்ன என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் எனக்கு ஒன்று பட்டது. நாங்கள் போய் மீட்டர் பிடிக்கிற வேளைகளில் கரண்ட் களவு போவதில்லை. நாங்கள் போவதோ எப்போதும் பகலில். அப்படியென்றால் அது நாங்கள் பார்க்காத நேரத்தில்தான் நடக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"ஸ்டோர் பூட்டின பிறகு ஒருக்காப் போய்ப் பாப்பம். ஒண்டையும் தொடாமல், சும்மா பாப்பம்."

"ஆரையோ பிடிக்கப் போற மாதிரிக் கதைக்கிறீர். இவ்வளவு நாளும் நான் சொன்னதுக்கு வேண்டாமெண்டனீர்," என்றார். ஆனாலும் அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் புறப்பட்டோம்.

ஸ்டோரின் முன் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. பக்கக் கதவால் காவல்காரர் எங்களை உள்ளே விட்டார். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோயில் மணிச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. கரவனின் முன்பக்கம், வாகனத்தில் கொளுவுகிற அந்த நீட்டு இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு மண்ணிற நாய் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து குரைத்தது.

"பகல்ல கூண்டுல கெடக்கும். ராவானா இங்கன கட்டிப்போடுவேன், அம்மா. அப்பத்தான் மதிலு பக்கமா யாரு வந்தாலும் கொலைக்கும்," என்றார் காவல்காரர்.

அந்த நேரம் மதில்மேல் ஒரு பூனை வந்தது. நாய் பாய்ந்தது. சங்கிலி இறுகியது. அதன் மறு முனையை இரும்புச் சட்டத்தில் கட்டவில்லை. அதன் பக்கத்தில் தொங்கிய மெல்லிய கம்பி வயரின் வளையத்தில் கொளுவியிருந்தார்கள். நாய் இழுத்த இழுவையில் அந்த வயர் நீண்டது; அதன் நுனியில் இருந்த ஆணி ஒன்று சின்னக் கறுப்புப் பெட்டியிலிருந்து 'டக்'கென்று கழன்று விழுந்தது. சக்கரங்கள் இருந்த பக்கம் மெல்லிய ஒரு இரைச்சல் எழுந்தது.

காவல்காரர் அமைதியாகப் போய் நாயைப் பிடித்துக்கொண்டு ஆணியை எடுத்தார். "இது அடிக்கடி கழண்டுக்கும். காலைல நான்தான் தொடச்சு, திரும்பச் சொருவி வைப்பேன். உங்க சாமான் கெட்டுடக் கூடாதுல்ல."

என் கணவர் அந்த ஆணியையே பார்த்தார். அங்கிருந்த ஓட்டுப் பெட்டி ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

பிறகுதான் எனக்கு விளக்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போது கரவன் வாகனத்திலிருந்து கழன்றுபோனால் அது தறிகெட்டு ஓடாமல் நிற்க வேண்டும். அதற்காக அந்த வயரை வாகனத்தோடு கொளுவி வைப்பார்கள். கரவன் பிரிந்தால் வயர் ஆணியை இழுத்துவிடும். உடனே பற்றரியின் கரண்ட் முழுவதும் பிரேக்குக்குப் போய்ச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆணி வெளியே கிடக்கும்வரை அது விடாமல் இழுக்கும். பூனை வந்த இரவுகளில் எங்கள் கரவன் மதிலோரமாக நின்றபடியே விடியும்வரை பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் ஒரு நல்ல மனிதர் ஆணியைத் திரும்பச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

"நிலாவெளிக்குப் போகேக்கை இந்த வயரை நான்தான் கொளுவினனான்," என்றார். "என்ரை கையாலை."

சங்கிலியை அவரே அவிழ்த்து, தள்ளியிருந்த தூணில் நாயைக் கட்டினார். நாய் அவருடைய கையை மணந்து பார்த்தது. பிறகு காவல்காரரிடம் திரும்பி, "அண்ணை, நான் பூட்டுப் போட்டது உங்களை நினைச்சும்தான். குறை நினைக்காதேங்கோ," என்றார். காவல்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க ஐயா," என்றுவிட்டுக் கதிரை கொண்டுவரப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் என் கணவர் சிநேகிதரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாராம். "கதவுக்கா பூட்டுப் போட்ட? பூனைக்கில்ல போட்டிருக்கணும்," என்றாராம். அன்று இருவரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

பற்றரி அதன் பிறகு இறங்கவில்லை. இனியாவது வீட்டில் அமைதி வரும் என்று நினைத்தேன். வந்தது அமைதியில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போகக் காரணம் இல்லாமல் போனதால் அவர் மறுபடியும் கதிரைகளைத் தள்ளத் தொடங்கினார். பாடசாலை விடுமுறை வந்ததும் நானே அவசரப்படுத்தி நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லா லைட்டும் எரிந்தது, விசிறி சுற்றியது. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முதல்நாள் பின்னேரம் அவர் கதவடியில் நின்று கடலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்தநாள் காலைத் தேத்தண்ணியோடு, "என்ன, வெளிக்கிடுவமே?" என்று கேட்டார்.

"வந்து ஒரு நாள்தானே ஆச்சு."

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவருக்கு ஊர் சுற்றுவதில் ஆசை இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது, காலையில் சட்டை போட்டுக்கொண்டு போய், முடியாத ஒரு வேலையோடு மல்லுக்கட்டிவிட்டு வர ஒரு இடம். அதை அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மணலைக் காலால் கிளறிக்கொண்டு, "இருக்கலாம்," என்றார்.

அந்த வருடமே கரவனை நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதிக்கு விற்றோம். அந்த ஆணியையும் வயரையும் பற்றி அவர்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் அரைமணி நேரத்துக்குக் குறையாது. அந்தப் பெண் கணவனின் விலாவில் இடித்தாள். சிநேகிதரின் ஸ்டோரில் துறைமுகத்திலிருந்து சாமான் எடுக்கிற வேலையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. கப்பலில் வரும் சாமான்களின் கடதாசி வேலை தெரிந்தவர் என்பதால் இவரைக் கூப்பிட்டார்கள். இப்போது காலையில் எனக்கு முன்னமே இறங்கிவிடுகிறார். உடைந்து வந்த ஓடுகளைப் பற்றியும் தாமதமாகிற கொள்கலன்களைப் பற்றியும் இரவுச் சாப்பாட்டின்போது புறுபுறுக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஒரு ஞாயிறு காலை வேலைக்குப் போகிற சட்டையோடு நின்றவரிடம், இன்றைக்குக் கடை பூட்டு என்று ஞாபகப்படுத்தினேன். "ஓம் என்ன," என்று சட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் வேறொன்றைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதாகச் சொன்னார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.